நாலு கை, ஒரு பாட்டு

ரெண்டு தொடையிலும் ஊசி இறங்கியபோது குழந்தை அழுத அழுகை அப்படியே அம்சவேணியின் காதுக்குள் போய்ச் சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டது. குழந்தை அழுது ஓய்ந்து, விக்கி, பால் குடித்து, கடைவாயில் பால் ஒழுகத் தூங்கியும் போயாச்சு. காதுக்குள் இருந்தது மட்டும் எழுந்து போவதாக இல்லை. "அரை மணி நேரம் உக்காந்துட்டுத்தான் போகணும். சொல்லாம நழுவறவங்க அடுத்த புதன்கிழமை என் மூஞ்சியில முழிக்காதீங்க" என்று சிஸ்டர் எல்லாத் தாய்மாருக்கும் சேர்த்து ஒரே தடவையாகச் சொல்லிவிட்டு ஐஸ் பெட்டியை மூடினாள். சுகாதார நிலையத்துச் சுவர்க் கடிகாரம் பத்து நாற்பது காட்டியது. பத்து நாற்பதும் முப்பதும் பதினொன்று பத்து. விசாரணை பதினோரு மணிக்கு. அப்படியென்றால் விசாரணையில் முதல் பத்து நிமிஷம் நடக்கும்போது நான் இந்த இரும்பு பெஞ்சில்தான் இருப்பேன் என்று நினைத்தாள். நினைத்துவிட்டு, எங்கே இருந்தால் என்ன, அங்கே போய் மாமாவுக்குப் பதிலாக நானா நாற்காலியில் உட்காரப் போகிறேன் என்று தன்னைத்தானே அதட்டிக்கொண்டாள். மாமா என்பது அவள் புருஷன் இளம்பருதி. ஒரகடம் பக்கம் கார்ப் பாகம் செய்கிற ஒரு கம்பெனியில் ஸ்டோரில் வேலை. அதே கம்பெனியில் பிரஸ் லைனில் அவளுக்கும் வேலை, இப்போது பிரசவ லீவு. போன வாரம் அவனுக்கு ஒரு கடுதாசி வந்தது. கடுதாசியில் இருந்தது ஒரே கேள்வி: உள்ளே நடந்த சத்தத்தைப் பதிவு செய்தது யார்? காலையில் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே மாமா சொன்னான், "நான் வாயே திறக்க மாட்டேன் அம்சா." என்னவோ விரதம் இருக்கப் போகிறவன் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு சொன்னான். வாயைத் திறக்காவிட்டால் வேலை போகும், வேலையோடு போலீஸும் வரலாம் என்று ஸ்டோர்க்காரர்களே பேசிக்கொள்கிறார்கள். கேள்விக்குப் பதில் மாமாவுக்குத் தெரியும், அவளுக்கும் தெரியும். பதில் அவள்தான்.

குழந்தையின் தொடையைத் தொட்டுப் பார்த்தாள். ஊசி போட்ட இடம் கொஞ்சம் கல் மாதிரி இருந்தது. போன தடவையும் இப்படித்தான் இருந்தது, அப்புறம் சரியாகிவிட்டது. ஆனால் போன தடவை இடது தொடை, இந்தத் தடவை ரெண்டும். சூடு ஏறுகிறதோ? தன் கழுத்தைத் தொட்டுப் பார்த்தாள், அதுவும் சூடாகத்தான் இருந்தது. கையே சூடாக இருந்தால் எதைத் தொட்டாலும் சூடாகத்தான் தெரியும். மடியில் கிடந்த தடுப்பூசி அட்டையில் பெயர் என்கிற இடத்தில் 'அம்சவேணியின் பெண் குழந்தை' என்று எழுதியிருந்தது. மூன்றரை மாசம் ஆகியும் பெயர் வைக்கவில்லை. ஊசி போடும்போதே சிஸ்டர் கேட்டாள், "இன்னாம்மா, பேரு வெக்க நல்ல நாள் ஒண்ணும் வரலியா?" நாள் வந்துகொண்டுதான் இருந்தது, ஒத்துக்கொள்ளத்தான் ஆள் வரவில்லை. மாமா வீட்டில் எதுவானாலும் எல்லோரும் கை தூக்கினால்தான் நடக்கும். ஒரு கை கீழே இருந்தாலும் அது கிடப்பில் போய்விடும். மாமா சொன்ன பெயருக்கு அவள் கை தூக்கவில்லை, அவள் சொன்ன பெயருக்கு மாமா தூக்கவில்லை. மாடியில் மாமாவோடு பாட வருகிற முபாரக் ஒரு பெயர் சொன்னான், அதற்கு கூட வருகிற ஜெரால்டு கையையே கட்டிக்கொண்டான். நல்லவேளை, குழந்தைக்கு இன்னும் கை தூக்கத் தெரியாது என்று அவள் சொல்லிச் சிரித்தது இப்போது ஞாபகம் வந்தது. எதற்கெடுத்தாலும் சிரித்துவிடுகிற ஆள் அவள். எட்டாவது படிக்கும்போது டீச்சர் காதைத் திருகினால்கூடச் சிரித்தவள். சிரிப்புக்கு அடியில் ஒன்றை ஒளித்து வைக்கலாம் என்று இந்த ஒரு வாரமாகத்தான் அவளுக்குத் தெரிந்திருக்கிறது.

ஜெரால்டும் முபாரக்கும் மாமாவின் கூட்டாளிகள். மூன்று பேருமாகச் சேர்ந்து அவர்கள் வீட்டு மாடியில் ஆஸ்பெஸ்டாஸ் கொட்டகையில் பாட்டு அடிக்கிறார்கள். பல்லாவரத்து ஜெரால்டு கிடார், முபாரக் தொண்டை, மாமா டிரம். சத்தம் வெளியே போகாமல் இருக்கச் சுவர் முழுக்க முட்டை அட்டை ஒட்டியிருக்கிறார்கள். அந்த அட்டைகளை மளிகைக்கடையில் கெஞ்சி வாங்கி வந்தது அம்சவேணிதான். பங்க் என்பார்கள், வெளிநாட்டிலிருந்து வந்த கோபப் பாட்டு. அதிலும் ஆளுகிறவன் என்று ஒருத்தன் வேண்டாம் என்று சொல்கிற பங்க். மேலே ஒருத்தன் இல்லை, கீழே ஒருத்தன் இல்லை, முதலாளி இல்லை, தலைவர் இல்லை, பாட்டுக்குச் சொந்தக்காரன் இல்லை, பாட்டோடு கொடுக்கிற அட்டையில் யார் பெயரும் இல்லை. மெமரி கார்டில் ஏற்றிச் சும்மா கொடுப்பார்கள். ஜெராக்ஸ் எடுத்த அட்டையில் 'காப்பி எடுத்து நாலு பேருக்குக் கொடுங்கள்' என்று மட்டும் இருக்கும். குழுவுக்கே இன்னும் பெயர் கிடையாது, காரணம் மறுபடியும் அந்தக் கைதான். முதலில் அவளுக்கு அந்தப் பாட்டெல்லாம் ஒரே காட்டுக் கத்தல். "இத்தினி பேரு சேந்து யாரைத் திட்றீங்க, அந்தாளு காதுல இது விழுமா?" என்று கேட்டாள். அதற்குப் பிறகுதான் ஜெரால்டு வேறு மாதிரி ஒன்றை வாசிக்க ஆரம்பித்தான். மெதுவாக, ஒவ்வொரு தந்தியாக, தொட்டுத் தொட்டு, விட்டு விட்டு. ஒரு சத்தம் போய்ச் சுவரில் முட்டித் திரும்பி வருகிற வரைக்கும் அடுத்ததைத் தொடமாட்டான். எல்லோரும் போன பிறகு சாவு வீட்டில் பந்தல் துணி மட்டும் காற்றில் அடித்துக்கொண்டிருக்குமே, அது மாதிரி. கத்தலே இல்லாமல் நாலு நிமிஷம் அது ஓடும், அதற்கப்புறம்தான் முபாரக் வாயைத் திறப்பான், அப்போது அவன் கத்துவது கத்தல் மாதிரியே இருக்காது. "வெளிநாட்லயும் இப்டி வாசிச்சாங்க அண்ணி. கத்திக் கத்திப் பாத்தாங்க. கோவத்துக்கு அடியில தோண்டினா துக்கம்தான் கெடந்துச்சு" என்றான் ஜெரால்டு. "இதுக்கு இவ்ளோ தூரம் போவணுமா? நான் வெங்காயம் உரிக்கும்போதே பாத்துட்டேனே" என்று அவள் சொன்னதற்கு மூன்று பேரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அன்றைக்குத்தான் முபாரக் சொன்னான், "இனிமே அண்ணிக்கும் ஒரு கை." அதிலிருந்து நாலு கை.

ஒற்றை இயர்போனை இடது காதில் செருகிக்கொண்டாள். வலது காது குழந்தைக்கு. பாட்டைத் தொட்டாள். தொம். கொஞ்சம் இடைவெளி. தொம். இது டிரம் இல்லை. இது நாலாம் நம்பர் பிரஸ். இரும்புத் தகட்டின்மேல் இறங்கி மேலே போகிற சத்தம், எட்டு மணி நேரம் கேட்டால் வீட்டுக்கு வந்து சோறு வடிக்கும்போதும் கேட்கும், தலையணையில் காதை வைத்தால் தலையணைக்குள்ளிருந்து கேட்கும். அந்தத் தாளத்தை வீட்டில் அவள் தன்னை அறியாமல் பாத்திரத்தில் தட்டியதைப் பார்த்துத்தான் மாமாவுக்கு ஆசை வந்தது: அந்தச் சத்தமே வேணும் அம்சா, நிஜ சத்தம். போனை உள்ளே கொண்டுபோகக் கூடாது, கேட்டிலேயே வாங்கி வைத்துவிடுவார்கள். அப்போது அவளுக்கு ஏழு மாசம். செக்யூரிட்டி அக்கா எல்லோரையும் தடவிப் பார்ப்பாள், வயிற்றுப் பிள்ளைக்காரியின் வயிற்றைத் தடவ மட்டும் அவளுக்கு மனசு வராது. உள் பாவாடைக்கும் வயிற்றுக்கும் நடுவில் போன் போயிற்று. உள்ளே குழந்தை ஓர் உதை விட்டது, போனுக்கு இடம் பத்தவில்லை என்று. அதையும் நினைத்துச் சிரித்துக்கொண்டேதான் போனாள். டிபன் பையில் வைத்துப் பட்டனைத் தட்டிவிட்டு, பையை மேடையில் வைத்தாள். பத்து நிமிஷம் ஓடட்டும் என்று நினைத்தாள். ஆறாவது நிமிஷத்தில் அது நடந்தது. தொம். தொம். நிறுத்து. நிறுத்திவிட்டாள், பாட்டைத்தான். ஒரு நிமிஷம் ஐம்பது வினாடி. எப்போதும் இங்கேதான் அவள் விரல் தானாகப் போய் நிறுத்தும். இதுக்கு மேலே அவள் ஒரு தடவைதான் கேட்டிருக்கிறாள்.

"இன்னா கேக்குற? பாட்டா?" என்றாள் பக்கத்தில் இருந்தவள். கன்னியம்மா என்று சிஸ்டர் கூப்பிட்டது காதில் விழுந்திருந்தது. கன்னத்தில் பெரிய மைப்பொட்டு வைத்த பையனைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டிருந்தாள்.

"ஆமாக்கா. வூட்டுக்காரரு பாட்டு."

"பாடுவாரா? கல்யாணத்துக்கெல்லாம் கூப்ட்டா வருவாரா?"

"கல்யாணத்துல இதைப் போட்டா மாப்ள எழுந்து ஓடிடுவாரு" என்று அம்சவேணி சொல்ல, கன்னியம்மா பையன் தோளில் குலுங்குகிற அளவுக்குச் சிரித்தாள். அம்சவேணியும் சிரித்தாள். மணி பத்து நாற்பத்தாறு. சிரித்துக்கொண்டே மணி பார்க்க முடிகிறது என்பது அவளுக்கே பயமாக இருந்தது.

மாமா இப்போது கேண்டீனில் இருப்பான். டீ வாங்கிக் குடிக்காமல் கையில் வைத்துக்கொண்டிருப்பான். சட்டையில் ரெண்டாவது பொத்தான் அறுந்து விழுந்திருந்தது, தைத்துக் கொடுக்க வேண்டும் என்று ராத்திரி நினைத்து மறந்துவிட்டாள். பொத்தான் இல்லாத சட்டையோடு போய் நின்றால் அந்த ஆபீசருக்கு இன்னும் இளக்காரமாக இருக்கும். பொத்தானை நினைக்கிறோமே, பொத்தானா இப்போது முக்கியம். ஆனால் பொத்தான் என்றால் அந்தப் பட்டன் நினைவுக்கு வருகிறது. பிரஸ்ஸுக்கு ரெண்டு பட்டன். ரெண்டு கையாலும் ரெண்டையும் சேர்த்து அமுக்கினால்தான் அது இறங்கும், கை உள்ளே போகக் கூடாது என்பதற்காக அப்படிச் செய்திருக்கிறார்கள். பீஸ் எண்ணிக்கை பத்தவில்லை என்று சூப்பர்வைசர் ஒரு பட்டனை டேப் ஒட்டி அமுக்கியே வைத்துவிட்டார். ஒரு கையால் அமுக்கு, ஒரு கையால் பீஸை எடு. எல்லோருக்கும் தெரியும். அவளுக்கும் தெரியும். அந்த டேப் பச்சைக் கலர். ஒரு நாள் ஓரம் பிரிந்து தொங்கியபோது, பார்க்க அசிங்கமாக இருக்கிறதே என்று அவளே நகத்தால் அழுத்தி ஒட்டிவிட்டிருக்கிறாள். ஐயோ, அதை ஏன் இப்போது நினைக்கணும், அதை யாருமே பார்க்கவில்லை, அது எந்தப் பதிவிலும் இல்லை.

நாலாம் நம்பரில் நின்றது அஞ்சலை. கள்ளக்குறிச்சி தாண்டி ஏதோ ஓர் ஊர், ஹாஸ்டல் பிள்ளை, இருபது வயசு. முன்பல் கொஞ்சம் எடுப்பு; அதனால் சிரிப்பு வந்தால் வலது கையால் வாயை மூடிக்கொள்வாள். சிரிப்பு அடிக்கடி வரும். அம்சவேணி பக்கத்தில் நின்றால் வராமல் என்ன செய்யும். ரெண்டு பேரையும் சேர்த்து நிற்க வைக்காதே என்று சூப்பர்வைசரே சொல்லியிருக்கிறார். அன்றைக்கு அவள் கத்தவில்லை. அதுதான் இன்னும் தாங்க முடியவில்லை. கத்தியிருந்தால் கத்தல் என்று வைத்துக்கொள்ளலாம். கையைத் தூக்கிப் பார்த்துவிட்டு, சாதாரணமாக, தண்ணீர் பாட்டில் கேட்கிற குரலில், "அக்கா, கிளவுஸ் கிழிஞ்சிருச்சு" என்றாள். மாசத்துக்கு ஒரு ஜோடிதான் கிளவுஸ், கிழிந்தால் திட்டுவார்கள், அந்தப் பயம்தான் அவள் குரலில் இருந்தது. ரெண்டு விரல் இல்லை என்பது அவளுக்கு இன்னும் போய்ச் சேரவில்லை. யாரோ மெஷினை நிறுத்தினார்கள். அதற்கப்புறம் பதினாலு வினாடி ஒன்றுமே இல்லை. ஜெரால்டு எண்ணிச் சொன்னான், பதினாலு. அந்தப் பதினாலு வினாடியில் 'அக்கா' என்று கூப்பிடப்பட்டவள் பக்கத்தில்தான் நிற்கிறாள். அவள் குரல் இல்லை. ஒரு 'அடியே' இல்லை, ஓர் 'ஐயோ' இல்லை. வயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அப்புறம் சூப்பர்வைசர் குரல், "யாரு நிறுத்தினது? துணியைப் போட்டுச் சுத்து. லைன் ஓடட்டும்." அப்புறம் மறுபடியும் தொம். பையிலிருந்த போன் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தது. ஹாஸ்டல் கதவில் கை மாட்டிக்கொண்டது என்று அஞ்சலையிடம் எழுதி வாங்கி, கட்டுப் பிரிப்பதற்குள் ஊருக்கு அனுப்பிவிட்டார்கள். கம்பெனிக்குள் எதுவும் நடக்கவில்லை. அதுக்கு அத்தாட்சி அஞ்சலையின் கையெழுத்து. எந்தக் கையால் போட்டாளோ.

அந்தப் பதிவைக் கேட்டதும் மாமா அழுதான். ஜெரால்டு அந்தப் பதினாலு வினாடியின்மேல் கிடாரை வைத்தான். மூட வைக்கவில்லை, ஓரத்தில் தொட்டும் தொடாமலும், துணியால் ஒற்றுகிற மாதிரி வைத்தான். ஒரு ஞாயிற்றுக்கிழமை பாட்டு முடிந்தது. வெளியே விடலாமா என்று கேட்டபோது அம்சவேணி வாழைக்காய் பஜ்ஜி போட்டுக்கொண்டிருந்தாள். தோளில் குழந்தை, கையில் கரண்டி. "பேரு போட்டா அந்தப் பொண்ணுக்குத்தான் கஷ்டம். பேரு இல்லன்னா அது எல்லாரு கையும்தான்" என்றான் முபாரக். எல்லோர் கையும். கேட்கவே எவ்வளவு நன்றாக இருந்தது. மூன்று கை மேலே போயிற்று. அவளுக்கு உள்ளே ஏதோ ஒன்று, மீன்முள் மாதிரி, குறுக்கே நின்றது. என்னவென்று பார்ப்பதற்குள் பஜ்ஜி கருகிவிடும் போலிருந்தது. நாலு பேர் வேலையை நான் ஒருத்தி எதற்குக் கெடுக்க வேண்டும் என்று கரண்டிக் கையையே தூக்கிவிட்டாள். "கரண்டியும் கணக்குல சேருமா அண்ணி?" என்றான் ஜெரால்டு. சிரித்தார்கள். சிரித்தாள். கை தூக்குவதென்றால் யோசித்துத் தூக்கணும், வேண்டாமென்றால் எப்போது வேண்டுமானாலும் இறக்கலாம், ஒரு கை இறங்கினாலும் பாட்டு நிற்கும், அதுதான் அவர்கள் வைத்துக்கொண்ட முறை. அவள் தூக்கியது யோசித்தா? எண்ணெய் காய்கிற அவசரத்தில். மெமரி கார்டு ஹாஸ்டல் வரைக்கும் போய், அங்கே பிள்ளைகள் படுத்துக்கொண்டு கேட்டு, அழுது, ஒருத்தி போனிலிருந்து இன்னொருத்தி போனுக்குப் போய், கடைசியில் சூப்பர்வைசர் போனுக்கே போய்விட்டது. கம்பெனியில் பாட்டு அடிக்கிறவன் மாமா ஒருத்தன்தான் என்று அவருக்குத் தெரியும். தன் குரலைத் தானே கேட்டிருப்பார். லைன் ஓடட்டும்.

மணி பத்து ஐம்பத்தொன்று. தொடை சூடாகத்தான் இருந்தது. சூடு வந்தால் மாத்திரையில் கால் பங்கை நுணுக்கித் தாய்ப்பாலில் கலந்து கொடுக்கணும். மாத்திரை பையில் இருக்கிறதா, இருக்கிறது. வேலை போனால் என்ன, வேறு கம்பெனி இல்லையா, பக்கத்தில் வரிசையாகக் கம்பெனிதான். ஆனால் ஒரு கம்பெனியில் விரட்டினவனை இன்னொரு கம்பெனி கேட்டிலேயே திருப்பி அனுப்பும், லிஸ்ட் வைத்திருக்கிறார்களாம். போலீஸ் என்றால் எப்படி, அடிப்பார்களா? மாமாவுக்கு வலது காதில் ஏற்கெனவே இரைச்சல், அந்தக் காதில் அடித்துவிட்டால்? நான்தான் என்று சொல்லிவிட்டால்? பால் குடிக்கிற பிள்ளையோடு என்னை என்ன செய்வார்கள்? செய்ய மாட்டார்கள். செய்வார்கள். யாரிடம் கேட்பது. யாரையும் கேட்கக் கூடாது, யார் பெயரையும் சொல்லக் கூடாது, மாமா சொன்னானே. மாமா பெரிய ஆள்தான், வாயை மூடிக்கொண்டால் போதும் என்று நினைக்கிறான். அந்தப் பதினாலு வினாடி நானும் வாயை மூடிக்கொண்டுதான் இருந்தேன்.

"குடேன், நானும் கேக்கறேன். அரை மணி நேரம் சும்மா உக்காரணும்ல" என்று கன்னியம்மா கையை நீட்டினாள். வேண்டாம் என்று சொல்வதற்குள் இயர்போன் அவள் காதுக்குப் போய்விட்டது. அம்சவேணி பாட்டைத் தட்டிவிட்டாள், முதலிலிருந்து இல்லை, நிறுத்தின இடத்திலிருந்துதான் அது ஓடும் என்பது தட்டிய பிறகுதான் உறைத்தது. கன்னியம்மா பையனைத் தட்டிக்கொண்டிருந்த கை நின்றது. பாட்டு அம்சவேணிக்குக் கேட்கவில்லை. கேட்காமலே ஒவ்வொன்றாக அந்த முகத்தில் தெரிந்தது. இதோ கிளவுஸ். இதோ ஒன்றுமில்லாத இடம். ஒன்று, ரெண்டு, மூன்று என்று அவள் மனசுக்குள் எண்ணினாள். பதினாலுக்குப் பிறகு கன்னியம்மாவின் புருவம் சுருங்கியது, இதோ சூப்பர்வைசர் குரல். அதற்கப்புறம் கிடார் மட்டும் வந்திருக்கும், ஏனென்றால் கன்னியம்மா மெல்லப் பையனின் தலையை மோந்து பார்த்தாள்.

"யாரு செத்துட்டாங்க?" என்றாள்.

"யாரும் சாவலக்கா. கை."

"நெசமா நடந்ததா? யாரு அந்தப் பொண்ணு?"

"யாரோ" என்றாள் அம்சவேணி.

சொன்ன பிறகு அந்த வார்த்தை போகவில்லை. அழுகை போய் உட்கார்ந்த அதே காதுக்குள் இதுவும் போய் உட்கார்ந்துகொண்டது. யாரோ. தன் ஊர்ப் பலகாரத்தை டிபன் மூடியில் வைத்து நீட்டியவள் யாரோ. வளைகாப்புக்குக் கண்ணாடி வளையல் வாங்கி வந்து, கம்பெனிக்குள் போடக் கூடாது என்பதால் பாத்ரூமில் வைத்து ஒரு நிமிஷம் போட்டுவிட்டுக் கழற்றியவள் யாரோ. கம்பெனிக்காரனும் இதைத்தானே சொல்கிறான், அப்படி யாரும் இல்லை, அப்படி எதுவும் இல்லை என்று. நாலு கை தூக்கினோம். எல்லோர் கையும் என்றோம். எந்தக் கையைப் பற்றிப் பாட்டோ அந்தக் கையை ஒருத்தரும் கேட்கவில்லை. இதுதான் அன்றைக்குக் குறுக்கே நின்ற முள். பஜ்ஜி கருகினால் கருகட்டும் என்று ஒரு நிமிஷம் நின்றிருக்கலாம். நம்பர் இருக்கிறது, அஞ்சு மாசமாகப் போனில் இருக்கிறது, எடுக்கிறதும் வைக்கிறதுமாக இருக்கிறது. அவளுக்கு ஆபத்து வரும் என்றா கேட்காமல் விட்டது? இல்லை. கூப்பிட்டால் அவள் என்ன சொல்வாளோ என்கிற பயம். பக்கத்தில் நின்னீங்களே அக்கா, என்று கேட்டுவிடுவாளோ என்கிற பயம். மணி பத்து ஐம்பத்தொன்பது. வியர்த்த விரலுக்குப் போன் திறக்கவில்லை, தாவணித் துண்டு மாதிரி தோளில் கிடந்த குழந்தைத் துணியில் துடைத்துவிட்டுத் திறந்தாள். அஞ்சலையின் நம்பரைத் தொட்டாள், மணி அடித்தது. எடுக்காமல் இருந்தால் நல்லது. எடுக்காமல் இருந்துவிட்டால் என்ன செய்வது.

"அம்சாக்காவா?" அதே குரல். பின்னால் யாரோ தகரத்தில் அரிசி அள்ளிக் கொட்டும் சத்தம்.

"அஞ்சல... எங்க இருக்க?"

"ரேஷன் கடைல. ரேகை வெக்கணும்ல. வலது கை வெச்சா மெஷின் முழிக்குது. இடது கை வெச்சா அரிசி போடுது." கொஞ்சம் நிறுத்தி, "கொழந்த பொறந்திருச்சாமே, பொண்ணா?"

"பொண்ணுதான்."

"பேரு?"

"இன்னும் வெக்கல."

"நீங்க வெச்சிருக்க மாட்டீங்கன்னு தெரியும்."

"அஞ்சல, உங்கிட்ட ஒண்ணு சொல்லணும். ஒரு பாட்டு..."

"கேட்டுட்டேன்."

கூரை விசிறி சுற்றியது. கன்னியம்மா வேறு பக்கம் பார்த்துக்கொண்டு, காதை மட்டும் இங்கே வைத்திருந்தாள். "யாரு குடுத்தா?" என்று அம்சவேணி கேட்டது அவளுக்கே கேட்கவில்லை.

"ஹாஸ்டல் பிள்ளைங்க அனுப்பிச்சாங்க. மொத தடவை பாதிலயே வெச்சிட்டேன். அடுத்த நாளு முழுசா கேட்டேன்." அதோடு அஞ்சலை பேசவில்லை. அரிசி சத்தம் மட்டும். ஒன்று, ரெண்டு, மூன்று. அம்சவேணி எண்ணிக்கொண்டிருந்தாள், பதினாலு வருவதற்குள் ஏதாவது சொல்லு தாயே என்று. எட்டில் அஞ்சலை சொன்னாள், "அந்தக் கிடாரு நல்லா இருக்குது. எங்க ஏரியில தண்ணி வத்தினப்புறம் காத்து அடிக்கும், அது மாதிரி. அட்டையையும் போட்டோ புடிச்சி அனுப்பினாங்க. அதுல ஏங்க்கா என் பேரு இல்ல?"

"உனக்கு ஏதாவது ஆயிடப் போவுதுன்னு..."

"இன்னும் இன்னா ஆவணும்? கதவுல மாட்டிக்கிச்சின்னு எழுதினாங்களே, அதுல எம் பேரு இருக்குது. அப்பா பேரு, ஊரு, எல்லாம் இருக்குது. நெசமா இருக்கறதுல நீங்க போடாம வுட்டுட்டீங்க."

"அவங்க பாட்டுல யாரு பேரும் போட மாட்டாங்க அஞ்சல. அப்டி ஒரு கொள்கை."

"இருக்கட்டும். என்னைக் கேட்டீங்களா?"

"கேக்கல." அப்புறம் சொன்னாள், "பக்கத்துல நின்னுட்டு ஒரு வார்த்தகூடப் பேசல நான்."

"நீங்கதான் என் கையில துணி சுத்துனீங்க. எனக்குத் தெரியும்" என்றாள் அஞ்சலை. அம்சவேணிக்கு அது ஞாபகமே இல்லை. அது எந்தச் சத்தமும் போடாத காரியம், அதனால் பதிவில் இல்லை. பதிவில் இல்லாததால் அவளே அதை மறந்துபோயிருந்தாள்.

"இப்பக் கேக்கறேன். பேரு போட்டா கம்பெனிக்காரங்க உன்னையும் கூப்புடுவாங்க. வருவியா?"

"வரேன். காலைல ஆறு மணிக்கு ஒரு பஸ்ஸுதான், அத வுட்டா மத்தியானம். போடுங்க. இனிஷியலோட போடுங்கக்கா. எங்க ஊருல மூணு அஞ்சலை இருக்கோம், பெருமையை வேற எவளாவது தூக்கிட்டுப் போயிடுவா." அஞ்சலை சிரித்தாள். முன்பு கேட்ட சிரிப்பு கைக்குள் அமுங்கி வரும். இது திறந்து வந்தது. "சரிக்கா, என் நம்பரு வந்துச்சு" என்று வைத்துவிட்டாள்.

மணி பதினொன்று தாண்டி எட்டு நிமிஷம். இந்நேரம் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காரச் சொல்லியிருப்பார்கள், அல்லது சொல்லியிருக்க மாட்டார்கள். போனை வெளியிலேயே வாங்கி வைத்திருப்பார்கள். ரெண்டாவது பொத்தான் இல்லாமல் மாமா நின்றுகொண்டிருப்பான். யார் பதிவு செய்தது? வாய் மூடியிருக்கும். வேலையும் பயமும் அப்படியேதான் இருந்தன, தொடைச் சூடும் அப்படியேதான் இருந்தது. ஆனால் குறுக்கே நின்றது எங்கே நின்றது என்று இப்போது கையை வைத்துக் காட்ட முடியும். போனில் நாலு பேரும் பேசுகிற குழுவைத் திறந்து, மைக்கை அமுக்கிப் பிடித்து, வாயருகே கொண்டுபோனாள். குழந்தை எழுந்துவிடக் கூடாதென்று மெதுவாகப் பேசினாள்.

"ஜெரால்டு, முபாரக், நான் அம்சா அண்ணி பேசறேன். மாமா, வெளில வந்ததும் நீயும் கேளு. அந்தப் பாட்டுக்குத் தூக்கின கையை நான் எறக்கிட்டேன். இப்ப இருக்கற மாதிரி அது இனிமே போவக் கூடாது. அட்டைல பேரு வரணும். மு. அஞ்சலை. இனிஷியலோட, ஊரு பேரோட. அந்தப் பொண்ணையே கேட்டுட்டேன், அவளே சொல்லிட்டா, அவளுக்கும் ஒரு கை இருக்குது. அவ பேருக்குக் கீழ, சத்தத்தை எடுத்தது யாருன்னும் போடணும். மாமா, நீ வாயை மூடிக்கினு நின்னது போதும். நான் வீட்டுக்குப் போவல. இங்கேருந்து ஷேர் ஆட்டோ புடிச்சி நேரா கம்பெனி கேட்டுக்கு வரேன். கொழந்தைக்குக் காய்ச்சல் வந்தா மாத்திரை கையில இருக்குது. சத்தத்தை எடுத்தது யாருன்னு கேக்கறாங்கல்ல..."

அந்த இடத்தில் குழந்தை நெளிந்தது, பேச்சை நிறுத்தித் தட்டிக்கொடுத்தாள். விரல் பட்டனை விடவில்லை. போனுக்குள் ஒன்றுமே இல்லாத வினாடிகள் ஓடின. விசிறி சத்தம், எங்கோ ஒரு பிள்ளையின் விக்கல், கன்னியம்மாவின் வளையல். உள் அறையிலிருந்து சிஸ்டர் நோட்டைப் புரட்டிக்கொண்டே வெளியே வந்தாள்.

"டைம் முடிஞ்சவங்கல்லாம் கெளம்பலாம். அம்சவேணி. யாரும்மா இங்க அம்சவேணி?"

அவள் போன் பிடித்த கையைத் தூக்கினாள்.

"நான்தான் சிஸ்டர்" என்றாள், முதுகை நிமிர்த்தி, அந்தக் கூடம் முழுக்கக் கேட்கிற மாதிரி. அதற்கப்புறம்தான் பட்டனிலிருந்து விரலை எடுத்தாள்.